கஞ்சி மிஞ்சிய பாவு

பொதட்டூர்பேட்டையில் இருபத்துநாலு தறி ஓடும் கொட்டகை.
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன்
பதினேழாம் நம்பரில் பிக்கிங் ஸ்டிக் விரிசல்,
ஒன்பதில் பேரிங் காய்ந்து கிடக்கிறது என்று.
ஃபிட்டர் தேவராஜுலு காது என்றால்
நகரி வரைக்கும் பேர்.

முனிலட்சுமிக்கு மூச்சு வாங்கியது.
முதலில் மாடிப்படியில்.
பிறகு தண்ணீர்க் குடத்தோடு.
பிறகு சும்மா படுத்திருக்கையில்.
தலையணை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி,
கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.
பஞ்சுத் தூசி என்றார் மருந்துக்கடைக்காரர்.
நானும் பஞ்சுத் தூசி என்றேன்.
தறிக்காரன் வீட்டில் வேறென்ன சொல்வது.
கன்னம் மட்டும் சிவந்திருந்தது.
நிறம் கூடிவிட்டாள் என்று தெருவில் பேச்சு.

திருத்தணியில் டாக்டரம்மா
அவளை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார்.
விசிறியை நிறுத்தச் சொன்னார்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்,
நான் தறியைக் கேட்பதுபோலவே.
எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

"சின்ன வயசுல தொண்டை வலி வந்து
அப்புறம் மூட்டு வீங்கிச்சா?"

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.
அவள் சொன்னாள்:
பத்து வயசில். எச்சில் விழுங்க முடியாமல் ஒரு வாரம்.
அது போனபின் வலது முட்டி. மூன்று நாள்.
அங்கே கலைந்து கணுக்கால். அப்புறம் முழங்கை.
வாரச்சந்தை மாதிரி
இடம் மாறி இடம் கடை போட்டது வலி.
புத்தூரில் பிறந்தவளுக்கு முட்டி வீங்கினால் என்ன செய்வார்கள்,
கட்டுப் போட்டார்கள்.
ஒருநாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு
அதுவே போய்விட்டது.

பதினோரு வருஷத்தில் என்னிடம் இதைச் சொன்னதில்லை.
நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா மருந்துச்சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.
கிருமி அப்போதே செத்துவிட்டது.
அதைப் பிடிக்க உடம்பு அனுப்பிய ஆட்கள்தான்
இதயக் கதவில் அதே முகச்சாயலைக் கண்டுவிட்டார்கள்.
இதை எனக்கு இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை.
செம்மரம் வெட்டியவன் எவனோ;
ரேணிகுண்டாவில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவன்
என் மச்சான் கோதண்டம்.
கோடாலி பிடித்த கை மாதிரி
அவன் கை இருந்ததாம்.

இருட்டறையில் எக்கோ.
கதவு திறக்கப் பார்த்து
பாதியில் முழங்கை மாதிரி மடங்கி நின்றது.
படிக்காதவனுக்கும் தெரிந்தது:
கஞ்சி மிஞ்சிய பாவு.
இழையோடு இழை ஒட்டிக்கொண்டு
நாடாவுக்கு வழிவிடாது.
நாலு சதுர சென்டிமீட்டர் இருக்கவேண்டிய வாசல்
ஒன்றுக்கும் குறைவு என்றார்கள்.
ஒரு நாளைக்கு லட்சம் தடவை
அந்தச் சந்தில் முண்டியடித்திருக்கிறது ரத்தம்.

டாக்டரம்மா குழாயை என் காதில் மாட்டினார்.
மூடும் சத்தம்.
உடனே ஒரு சின்னச் சொடுக்கு.
அதன்பின் எங்கோ தூரத்தில் உருளும் ஏதோ ஒன்று,
நடுராத்திரி ஏகாம்பரகுப்பம் தாண்டும்
கூட்ஸ் வண்டி போல.

பதினோரு வருஷம்
என் தலையணைக்கு ஒரு சாண் தள்ளி
ஓடியிருக்கிறது இந்த வண்டி.
நான் பதினேழாம் நம்பரைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னையில் பலூன் விட்டுக் கதவை விரிப்பார்களாம்.
தேதி இன்னும் கிடைக்கவில்லை.
அதுவரையும் அதற்கப்புறமும்
இருபத்தோரு நாளைக்கொரு பென்சிலின், இடுப்பில்.
கொட்டகைச் சுவரில், தறிக்கு எண்ணெய் விட்ட தேதிகளுக்குக் கீழே
சாக்பீஸால் எழுதி வைக்கிறேன்.
முதலாளி பார்த்தார், அழிக்கவில்லை.
ஊசி போட்ட அன்று ஒரு பக்கமாக நடந்துகொண்டு
அவள் என்னைத் தெலுங்கில் திட்டுவாள்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
ஊரில் ஒரு தறி ஓடவில்லை.
சாய்ந்திருந்தவள் நெஞ்சில் காதை வைத்தேன்.
குழாய் இல்லாமல் சரியாகப் பிடிபடவில்லை.
இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

"கேட்டது போதும், லெய்யி" என்றாள்.
"மூச்சு முட்டுது."